என்ஜின் கவரைத் தேய்த்தது யார்?

மகனே, நான் நலமாக இருக்கிறேன். நீ கேட்கவில்லை, அதனால் நானே சொல்லிவிடுகிறேன். அவிசாவளையிலிருந்து வரும் தெரணியகலை பஸ்ஸில் நீ கொடுத்துவிட்ட சாக்கு நேற்று மத்தியானம் வந்து சேர்ந்தது. பிரித்துப் பார்த்தேன். பைக் என்ஜினை மூடுகிற அலுமினியக் கவர் நாலு, எண்ணெய்ப் பிசுக்கோடு, பழைய பேப்பரில் சுற்றிக் கிடந்தன. ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. போனைப் பார்த்தால் உன் குரல் கிடந்தது. "அம்மா, நாலு கவர் அனுப்பியிருக்கேன். வெள்ளிக்கெழமைக்குள்ள முடிச்சிருங்க. இந்தத் தடவ நம்பர் கிம்பர் ஏதாச்சும் இருந்தா தொட்டுறாதீங்க," என்று சொல்லிவிட்டுச் சிரித்திருக்கிறாய். அந்தச் சிரிப்பை மூன்று தடவை போட்டுக் கேட்டேன். மூன்றாம் தடவை கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. போனில் திட்டினால் பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை நான் ஒட்டவில்லை. சாக்கின் வாயில் வைத்துக் கட்டி அதே கண்டக்டரிடம் கொடுக்கப் போகிறேன். அவர் படித்தாலும் சரி, உன் பெண்டாட்டி படித்தாலும் சரி, உன் மாமனார் வீட்டில் சத்தமாக வாசித்தாலும் சரி. ஒளித்து வைத்ததெல்லாம் போதும்.

ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன், நீ மறந்தவன் மாதிரி நடந்துகொள்வதால். நீ தெஹியோவிட்ட கராஜில் வேலை பழகிய முதல் வருஷம். யாரோ ஒருவரின் பைக் என்ஜின் கவரைக் கை நழுவவிட்டு, சீமெந்துத் தரையில் உரசி, பெரிய கீறல் போட்டுவிட்டாய். முதலாளி பார்த்தால் விரட்டிவிடுவார் என்று அதைச் சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவந்து, தோட்டத்து லயத்தில் நம் காம்பரா வாசல் திண்ணையில், இஸ்தோப்பில் உட்கார்ந்து அழாத குறையாக என்னைப் பார்த்தாய். "குடு தம்பி, பாக்கலாம்," என்று நான்தான் வாங்கினேன். நான் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். பட்டையை எவ்வளவு மெல்லிசாகச் சீவினால் பால் வரும், எந்த இடத்தில் ஒரு நூல் கூடினால் கத்தி மரத்தில் பட்டுக் காயமாகும் என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரிவதில்லை, கைக்குத்தான் தெரியும். அந்தக் கவரை மடியில் வைத்து விரலால் தடவியபோதே கீறல் எவ்வளவு ஆழம் என்று எனக்குப் புரிந்துவிட்டது. நீ கராஜிலிருந்து கொண்டுவந்த, நனைத்துத் தேய்க்கிற வாட்டர் பேப்பரை வைத்து, பீலிக் குழாயில் பிடித்த தண்ணீரை ஊற்றி ஊற்றி, இரண்டு நாள் பின்னேரம் தேய்த்தேன். கீறல் போனது. போன இடம் மட்டும் மினுங்கினால் காட்டிக்கொடுத்துவிடுமே என்று முழுக் கவரையும் தேய்த்தேன். மூன்றாம் நாள் நீ அதைத் தூக்கிப் பார்த்து, "அம்மா, மொகம் தெரியுதும்மா!" என்று கத்தினாய். அடுத்த காம்பராக்காரர்கள் எல்லாம் வெளியே வந்து பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு எத்தனை கவர் தேய்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. மத்தியானம் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, சோறு தின்றதும் அதே வேலை. மழை பெய்தால் பால் வெட்டு இல்லை, இந்தப் பக்கத்தில் மழைக்கு என்ன பஞ்சம்? காலையிலேயே உட்கார்ந்துவிடுவேன். முதலில் சொரசொரப்பான இருநூற்று நாற்பதாம் நம்பர் பேப்பர், பிறகு நானூறு, எண்ணூறு, ஆயிரத்து இருநூறு, கடைசியில் இரண்டாயிரம். ஒவ்வொன்றையும் முந்திய பேப்பர் போட்ட கோட்டுக்குக் குறுக்கே தேய்க்க வேண்டும். அந்தக் கோடு ஒன்றுகூட இல்லாமல் போகும்வரை அடுத்த பேப்பரைத் தொடக் கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நாலைந்து கவரைக் கெடுத்து நானே கண்டுபிடித்தேன். உன் பங்கையும் நான் மறைக்கவில்லை. உங்கப்பா விட்டுப்போன பழைய தண்ணீர் மோட்டாரைப் பலகையில் பூட்டி ஓடவைத்தது நீ. அதில் மாட்டிய துணிச் சக்கரம் நான் தைத்தது, உங்கப்பாவின் வேட்டிகளை வட்டம் வட்டமாக வெட்டி அடுக்கி. பொலிஷ் கட்டியைப் பூசிக் கவரை அழுத்தினால் அது கறுப்பாகக் கக்கும். நகக்கண்ணில் புகுந்த அந்தக் கறுப்பு எதற்கும் மசியாது. அவசரம் வந்தால் நீ, "நானூற விட்டுட்டு நேரா மேல போங்கம்மா, யாரு பாக்கப் போறா?" என்பாய். நான் கேட்டதே இல்லை. விட்டுப்போன கோடு உடனே தெரியாது. எல்லாம் முடிந்து மினுக்கி, வெயிலில் தூக்கிப் பிடிக்கும்போதுதான் அடியிலிருந்து பல்லிளிக்கும். அப்போது மறுபடியும் முதல் பேப்பரிலிருந்து வர வேண்டும். புதிதாகக் குடும்பம் நடத்துகிறவனுக்கு நான் சொல்லும் புத்தியும் அதுதான். செய்ய வேண்டியதைத் தாண்டிப் போகாதே, பெண்டாட்டியிடம் அறவே அப்படிச் செய்யாதே.

எல்லாப் பழியையும் உன் தலையில் கட்ட நான் எழுதவில்லை. முதல் பொய்யைச் சொன்னவள் நான். கொழும்புப் பக்கத்துச் சிங்கள ஐயா, மஹத்தயா ஒருவர் கவர் பற்றிக் கேள்விப்பட்டு ஜீப்பில் நம் லயத்துக்கே வந்தார், உனக்கு ஞாபகம் இருக்கும். நீ கராஜில் இருந்தாய். நான் இஸ்தோப்பில் முழங்கைவரை கறுப்போடு, மடியில் பாதி தேய்த்த கவரோடு உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "பாஸ் கோ?" என்று கேட்டார். வேலை செய்கிற பாஸ், மேஸ்திரி எங்கே என்று என்னிடமே கேட்கிறார்! எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். பயம்தான் வந்தது. தோட்டத்துப் பொம்பளை தேய்க்கிறாள் என்று தெரிந்தால் சாமானைத் திருப்பிக் கொண்டுபோய்விடுவார் என்று நினைத்தேன். மடியிலிருந்த கவரின்மேல் துணியைப் போட்டு மூடிவிட்டு, "புதா கராஜ் எகே, மஹத்தயா," என்றேன். மகன் கராஜில் இருக்கிறான் என்று. அவர் உன்னைத் தேடிக்கொண்டு போனார். சாயங்காலம் நீ வந்து, "அவரு என்னய பாஸ்னு கூப்புட்டாரும்மா," என்று சொன்னபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமைக்குத்தான் இப்போது அனுபவிக்கிறேன்.

ஆனால் நான் சொன்னது ஒரு நாள் பொய். நீ அதை எட்டு வருஷம் வளர்த்தாய். போனில் படம் பிடித்துப் போடுவாய், தேய்த்து முடித்த கவர் உன் கையில் இருக்கும். தேய்க்கிற கையைக் காட்ட வேண்டி வந்தால் நான் அரைமணி நேரம் தேய்த்து வைத்ததை நீ வாங்கி, இரண்டு நிமிஷம் தேய்ப்பாய். "கொஞ்சம் தள்ளுங்கம்மா, ஒங்க நெழல் விழுது," என்பாய். நானும் தள்ளிக்கொள்வேன். பெண் பார்க்கப் போனபோது நீ என்ன சொன்னாய்? போவதற்கு இரண்டு நாள் முந்தி என் விரல்களைத் தேசிக்காய்ச் சாற்றில் ஊறவைக்கச் சொன்னாய். ஊறவைத்தேன். கறுப்புப் போகவில்லை, எரிச்சல்தான் மிச்சம். அங்கே கரவனெல்லையில் உன் மாமியார் தேத்தண்ணிக் கோப்பையை நீட்டியபோது என் நகத்தைப் பார்த்துவிட்டார். நான் வாயைத் திறக்கும் முன்னால் நீ, "ரப்பர் பால் கறைங்க, தோட்டத்துல எல்லாருக்கும் இருக்கும்," என்று முந்திக்கொண்டாய். நான் கோப்பையை இரண்டு கையாலும் மூடிப் பிடித்துக்கொண்டு தேத்தண்ணியைக் குடித்தேன்.

இப்போது அந்த நம்பர் கதைக்கு வருகிறேன். உன் பெண்டாட்டியோடு கூடப் பிறந்த உன் மச்சான் தன் பைக்கின் என்ஜினைப் பிரித்திருந்தார். கல்யாணத்துக்குள் அதைக் கண்ணாடி மாதிரி ஆக்கித் தருகிறேன் என்று நீயாக வாய் கொடுத்தாய். என்ஜினின் பெரிய கூடு ஒரு மழை நாளில் சாக்கில் வந்தது. தடவிக்கொண்டு வந்தபோது அடியில் ஒரு தட்டையான இடத்தில் எழுத்தும் எண்ணும் விரலில் தட்டின. கம்பெனிப் பெயர் எப்போதும் மேலே எழும்பி நிற்கும். இது உள்ளே குத்தியிருந்தது. உடனே உனக்குப் போன் எடுத்தேன். "தம்பி, இதுல ஏதோ நம்பர் இருக்கு. விட்டுறவா?" என்று கேட்டேன். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இல்லாவிட்டால் நான் சொல்கிறேன். "கம்பெனி எழுத்து என்னத்துக்கும்மா, அசிங்கமா இருக்கும். எல்லாத்தையும் தேயுங்க. ஒரு புள்ளி தெரியக் கூடாது," என்றாய். கல்யாண மண்டபத்துக்கு ஆள் பார்த்துக்கொண்டிருந்தாய், அதைப் பார்க்க உனக்கு நேரமில்லை. இதிலும் என் தப்பு உண்டு. இது வேறு மாதிரி எழுத்து என்று என் விரல் சொன்னது. இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். சம்பந்தி வீட்டுக்குப் போகிற சாமான், ஒரு குறை வரக் கூடாது என்ற நினைப்பில் தேய்த்தேன். ஆழமாகக் குத்தியிருந்ததால் இரண்டு பின்னேரம் எடுத்தது. அதற்குப் பிறகு அந்தக் கூட்டைக் கையில் எடுத்து, என்ஜினைப் பூட்டி, பைக்கில் ஏற்றியது நீ. மெக்கானிக்கான உன் கண்ணுக்கு அப்போதும் நம்பர் இல்லை என்பது தெரியவில்லையா? இல்லை, அதிலும் உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாயா?

கல்யாணம் முடிந்து மூன்றாம் கிழமை பொலிஸ் பைக்கை மறித்தது. பைக்கின் பதிவுப் புத்தகத்தில் என்ஜின் நம்பர் இருக்கிறது, என்ஜினில் இல்லை. நம்பரை அழித்தால் அது களவு பைக் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? பைக்கைப் பிடித்துவைத்தார்கள். ஓட்டிப்போன உன் மச்சானைச் சாயங்காலம்வரை பெஞ்சில் உட்காரவைத்து விசாரித்தார்கள். அதற்கு மறுநாள்தான் எனக்கு உன் மாமனார் வீட்டில் விருந்து. எல்லோரும் இருந்தார்கள். உன் மாமனார் சத்தம்கூடப் போடவில்லை. "மாப்ள, ஒங்க கைவேலைதானே, நம்பர எப்புடி விட்டீங்க?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். எட்டு வருஷமாக எல்லாவற்றையும் நான், நான் என்று சொன்ன நீ அப்போது சொன்னாய்: "நான் இல்ல மாமா. அம்மாதான் தேச்சாங்க. அவங்களுக்கு என்ன தெரியும், எழுத்து நம்பரெல்லாம் தெரியாதவங்க."

நான் சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். எட்டாம் வகுப்புவரை தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் நான். தோட்டத்துப் பேர்ப் பதிவில், செக்ரோலில் நூற்றுப் பதினேழு என்ற நம்பரை இருபத்தாறு வருஷம் சுமந்தவள். காலையில் மஸ்டரில் ஆள் எண்ணும்போது அந்த நம்பரைக் கூப்பிட்டால்தான் எனக்கு அன்றைக்கு வேலை. நம்பர் என்றால் என்ன என்று எனக்கா தெரியாது? எழுத்துத் தெரியாதவள் எழுதுகிற இந்தக் கடிதத்தை நீ எப்படிப் படித்துக்கொண்டிருக்கிறாய்? "பரவால்ல சம்பந்தி, சாப்புடுங்க," என்றார் உன் மாமனார். அவர் அப்படி இரக்கப்பட்டதுதான் எனக்கு அடி விழுந்தமாதிரி இருந்தது. கை கழுவப் போனபோது உன் பெண்டாட்டி பின்னால் வந்து தண்ணீர் ஊற்றினாள். என் விரல்களைப் பார்த்து, "அத்தே, அப்ப அந்தக் கவரெல்லாம் நீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். என் மகனை அவன் பெண்டாட்டியிடம் பொய்யனாக்க வாய் வரவில்லை. இன்றைக்கு வருகிறது.

அடுத்த நாள் நான் பால் வெட்டுக்குப் போகவில்லை. வாட்டர் பேப்பரையும் பொலிஷையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் பொலிசுக்குப் போனேன். உனக்குச் சொல்லவில்லை. பெரிய மீசை வைத்த பொலிஸ் சாஜன் ஒருவர் இருந்தார். "ஏக்க மெக்குவே மம," என்றேன், அதை அழித்தவள் நான்தான் என்று. அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அம்மே, பொரு கியன்ன எபா," என்று சிரித்தார். பொய் சொல்லாதே என்கிறார்! மகனைக் காப்பாற்ற வந்த தாய் என்று நினைத்தார் போலிருக்கிறது. மஹத்தயா, இதுவரை சொன்னதுதான் பொய், இன்றைக்குத்தான் உண்மை சொல்ல வந்திருக்கிறேன் என்று சிங்களத்திலேயே சொன்னேன். அலுமினியத்தில் ஏதாவது கொடுங்கள் என்று கேட்டேன். வேறு எதுவும் இல்லாமல் அவர்கள் தேத்தண்ணிக் கேத்தலின் மூடியைக் கொண்டுவந்தார்கள், கரி பிடித்து, நெளிந்து போனது. அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்து, ஒரு பேப்பரையும் தாண்டாமல், மத்தியானம்வரை தேய்த்தேன். முடித்துக் கொடுத்தபோது சாஜன் அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் தன் மீசையைப் பார்த்தார். உள்ளே இருந்தவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். அப்புறம் உட்கார்ந்து வாக்குமூலம் எழுதினார். பெயர், ஊர், வயது எல்லாம் கேட்டுவிட்டு, "ரஸ்ஸாவ?" என்றார், என்ன தொழில் என்று. நான் பால் வெட்டு என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கேத்தல் மூடியை ஒரு தடவை பார்த்துவிட்டு, என்ஜின் பாகம் பொலிஷ் செய்கிறவர் என்று தானே எழுதிக்கொண்டார். என் வேலையும் என் பெயரும் ஒன்றாக இருக்கிற ஒரே காகிதம் பொலிசில் இருக்கிறது. அதில் என் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும், தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. என்ஜின் கூட்டைக் கழற்றிக் கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே ஏதோ மருந்து தடவிப் பார்த்தார்களாம். நம்பரைக் குத்தும்போது அடியில் உள்ள உலோகமும் நெரிந்து போகுமாம், மேலே எவ்வளவு தேய்த்தாலும் அந்த நெரிசல் உள்ளே கிடக்குமாம், மருந்து பட்டதும் எண்கள் ஒவ்வொன்றாக மேலே வந்துவிட்டதாம். புத்தகத்தில் இருந்த அதே நம்பர். பைக் திரும்பக் கிடைத்தது. இதை எனக்குச் சொன்னது நீ இல்லை. உன் மச்சான் அந்தக் கூட்டையும் தூக்கிக்கொண்டு நம் லயத்துக்கு வந்து, இஸ்தோப்பில் உட்கார்ந்து சொன்னார். என் வாக்குமூலத்தைச் சாஜன் அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். "அத்தே, நீங்க போனத எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலியே," என்றார். களவுக்காரன் என்று பெஞ்சில் உட்காரவைக்கப்பட்ட பிள்ளை, என்னைத் திட்ட அவனுக்கு எல்லா உரிமையும் உண்டு. அவன் திட்டவில்லை. மருந்து பட்ட இடம் மங்கி, சொரசொரவென்று இருந்தது. "இத மட்டும் விட்டுட்டு, சுத்தி மறுபடியும் மினுக்கித் தருவீங்களா?" என்று கேட்டார். அந்த நம்பர்மேல் பிளாஸ்டர் ஒட்டிவிட்டு, சுற்றிலும் தேய்த்துக் கொடுத்தேன். இப்போது பார்க்கிறவர்கள் எல்லோரும் அந்த மங்கிய இடம் என்ன என்றுதான் முதலில் கேட்கிறார்களாம். அவர் என் பெயரைச் சொல்லிக் கதையைச் சொல்கிறாராம். உன் மாமனார் வீட்டில் மட்டும் அவர் வாய் திறக்கவில்லை. "எல்லாக் கவரும் நீங்க தேச்சதுன்னு மச்சானே சொல்லட்டும் அத்தே," என்றார்.

அவர் போய் ஒரு மாதம் ஆகிறது. ஒரு மாதமாக நான் காத்திருந்தேன். வந்தது நாலு கவரும் அந்தச் சிரிப்பும். காசு கேட்கிறாள் என்று நினைக்காதே, உன் காசு எனக்கு வேண்டாம். வேலை எனக்குப் பாரம் என்றும் நினைக்காதே. அந்த வேலை எனக்குப் பிடிக்கும். மங்கிக் கிடக்கிற ஒன்றில் முதல் தடவையாக ஜன்னல் தெரிகிற நேரம் இருக்கிறதே, அதற்காகவே என்னால் நாள் முழுக்க உட்கார முடியும். ஆனால் நல்லதெல்லாம் நீ, கெட்டது மட்டும் நான் என்று இனி நடக்காது. நாலு கவரும் வந்தபடியே, அதே பிசுக்கோடு, சாக்கில் இருக்கின்றன. வெள்ளிக்கிழமைக்கு நீ உன் ஆட்களிடம் என்ன சொல்வாயோ அது உன் பாடு.

மன்னிப்புக் கேட்கிறேன் என்று எனக்குப் போன் எடுக்காதே. என்னிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது, எனக்குத்தான் தெரியுமே. ஞாயிற்றுக்கிழமை உன் மாமனார் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்காருவீர்கள். மச்சானின் பைக் வாசலில்தான் நிற்கும். அதைக் காட்டி, அன்றைக்கு நீ சொன்னதையே, அன்றைக்குச் சொன்ன அதே சத்தத்தில், அதே ஆட்களுக்கு முன்னால் இன்னொரு தடவை சொல். புதிதாக நீ எதையும் யோசிக்க வேண்டியதில்லை. "அம்மாதான் தேச்சாங்க." அவ்வளவுதான். சொல்லிவிட்டாய் என்று மருமகள் எனக்கு ஒரு வார்த்தை சொல்லட்டும். சாக்கை அதற்குப் பிறகு அனுப்பு.

தேய்த்தவள்,
உன் அம்மா